இருசிறகிகள்: ஒரு கலைச்சொல்லின் வரலாறும் புனே ஆய்வுகள் உணர்த்துவனவும்

முன்னுரை

தேனீ ஈ அன்று. தமிழ்ச் சொல்லமைப்பின்படி அது தேன் தொகுக்கும் ஈயாகும். பூச்சியியலின்படி அது ஈக்களின் வரிசையைச் சாராதது. தேனீக்கு நான்கு சிறகுகள் உண்டு. ஈக்கும் கொசுவுக்கும் இரண்டே சிறகுகள் உள்ளன. இவ்வெண்ணிக்கை வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டு எழுந்த கலைச்சொல்லே 'டிப்டெரா' என்பது. தமிழில் இது இருசிறகிகள், இருசிறகுப் பூச்சிகள், ஈரிறக்கைப் பூச்சிகள் எனப் பலவாறு வழங்கி வருகிறது. உலகில் இதுவரை பெயரிட்டு விளக்கப்பட்டுள்ள இருசிறகி இனங்கள் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டவை. மனிதனுக்கு நோய் கடத்தும் பூச்சிகளுள் பெரும்பகுதி இவ்வரிசையைச் சேர்ந்தது.

ஒரு கலைச்சொல்லின் வரலாற்றைத் தமிழாய்வு ஏன் கருதவேண்டும் என்ற வினா எழலாம். பெயர் என்பது பொருளைச் சுட்டுவதோடு நின்றுவிடுவதில்லை; அப்பொருளிடம் நாம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் அது உள்ளடக்கி நிற்கிறது. இதனை விளக்க இக்கட்டுரை புனே நகரைக் களமாகக் கொள்கிறது. இரு வகைச் சேகரங்கள் அந்நகரில் உள்ளன. ஒன்று சொற்களின் சேகரம்: தக்காணக் கல்லூரியில் எஸ்.எம். கத்ரே 1948-இல் தொடங்கிய வடமொழி வரலாற்றுமுறை அகராதித் திட்டத்திற்கென ஏறத்தாழ ஒரு கோடிச் சொற்சீட்டுகள் தொகுக்கப்பட்டன. மற்றொன்று பூச்சிகளின் சேகரம்: 1952-இல் அங்கு நிறுவப்பட்ட வைரஸ் ஆய்வு மையமும், பின்னர் அமைந்த இந்திய விலங்கியல் மதிப்பீட்டு நிறுவனத்தின் மேற்கு மண்டல மையமும் பூச்சிகளைப் பிடித்து, இனங்கண்டு, பெயர்ச்சீட்டு இட்டு வந்தன. சீட்டில் பிழை நேரின் சொல்லாய்வும் பிழைபடும், நோயாய்வும் பிழைபடும். இவ்விரு துறைகளும் சந்திக்கும் இடத்தில் நின்று, இருசிறகி என்னும் சொல்லின் தோற்றம், அதன் வரம்பு, தமிழ்ப் பெயர்மரபோடு அதற்குள்ள உறவு ஆகியவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிரேக்கச் சொல்லும் வகைப்பாட்டு வரிசையும்

'டி' என்பது இரண்டு. 'ப்டெரான்' என்பது சிறகு. இவ்விரண்டும் இணைந்த கிரேக்கச் சொல் புதிதாக ஆக்கப்பட்டதன்று. கி.மு. நான்காம் நூற்றாண்டில் அரிசுடாட்டில் தம் விலங்கு வரலாற்று நூலில் இச்சொல்லைப் பூச்சிகளுக்கு வழங்கியுள்ளார். சிறகின் எண்ணிக்கையோடு கொடுக்கின் இருப்பிடத்தையும் அவர் சேர்த்துப் பார்த்தார். நான்கு சிறகுடையவற்றுள் சிலவற்றிற்குக் கொடுக்குப் பின்புறம் உண்டு என்றும், இரண்டு சிறகுடையவற்றிற்குப் பின்புறக் கொடுக்கு இல்லை. குத்தும் உறுப்பு முன்புறமே அமையும் என்றும் அவர் கருதினார். தேனீ வாலால் கொட்டுகிறது. கொசு வாயால் குத்துகிறது. இன்றும் பொருந்தும் நோக்கு இது.

சுவீடன் நாட்டு இயற்கை அறிஞர் இலின்னேயசு தம் 'சிசுடமா நேச்சுரே' என்னும் நூலின் பத்தாம் பதிப்பை 1758-இல் வெளியிட்டார். விலங்குகளின் இருசொற் பெயரீட்டிற்கு இப்பதிப்பே தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அதில் பூச்சிகளை அவர் ஏழு வரிசைகளாகப் பகுத்தார். ஏழினையும் பகுக்கப் பயன்பட்ட அளவுகோல் சிறகே. உறைபோன்ற சிறகுடையவை, செதில் படிந்த சிறகுடையவை, சவ்வுச் சிறகுடையவை எனத் தன்மை நோக்கிச் சில வரிசைகளும், இரண்டு சிறகுடையவை, சிறகற்றவை என எண்ணிக்கை நோக்கிச் சில வரிசைகளும் பெயர் பெற்றன. டிப்டெரா வரிசையில் அவர் பத்துப் பேரினங்களை அமைத்தார். வீட்டு ஈயின் மசுகா, கொசுவின் கியூலெக்சு, மாட்டு ஈயின் டபானசு ஆகியவை அவற்றுள் அடங்கும்.

இச்சொல் எதிர்ப்பின்றி நிலைபெற்றுவிடவில்லை. இலின்னேயசின் மாணவராகிய பேப்ரிசியசு, சிறகைவிட வாயுறுப்பே வகைப்பாட்டிற்குச் சிறந்தது என 1775-இல் வாதிட்டார். ஈக்கள் நீர்மத்தை உறிஞ்சுவதால் அவற்றை 'ஆன்ட்லியாட்டா' என அழைத்தார்; நீரிறைக்கும் கருவியைக் குறிக்கும் சொல்லின் அடியாக அமைந்த பெயர் இது. அவர் நோக்கில் அறிவியல் நுட்பம் இருந்தது. இருப்பினும் அப்பெயர் வழக்கிழந்தது. வாயுறுப்பைக் காண உருப்பெருக்கி வேண்டும். சிறகை எண்ணக் கண்ணே போதும். கற்போர் எளிதில் சரிபார்க்கக்கூடிய பண்பைப் பெயராகக் கொண்ட சொல் நிலைத்தது என்பது கலைச்சொல்லாக்கத்தார் மனங்கொள்ளத்தக்கது.

சொல்லின் வரம்பு

இருசிறகி என்ற பெயர் உண்மையின் ஒரு பகுதியையே உரைக்கிறது. முன்னிணைச் சிறகுகளுக்குப் பின்னால், கொசுவிடமும் ஈயிடமும் குண்டூசித் தலைபோன்ற இரு சிறு உறுப்புகள் காணப்படுகின்றன. பழங்கிரேக்க விளையாட்டு வீரர்கள் தாண்டும்போது கையில் பற்றிய எடைக்கற்களின் பெயரால் இவை 'ஹால்டியர்' எனப்படுகின்றன. பறக்கும்போது சிறகோடு சேர்ந்து அதிரும் இவ்வுறுப்புகள், உடலின் திருப்பத்தை உணர்ந்து சமநிலை காக்கின்றன. இவற்றை நீக்கிய ஈ நேராகப் பறக்க இயலாது வீழும் என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வில்லியம் டெர்ஹாம் குறித்துள்ளார்.

இவ்வுறுப்புகள் வேறொன்றும் அல்ல; சுருங்கி உருமாறிய பின்சிறகுகளே. மரபியல் இதனை ஐயமற நிறுவியது. பழ ஈயின் சில மரபணுக்கள் பிறழும்போது ஹால்டியர் தோன்றவேண்டிய இடத்தில் முழுச்சிறகு தோன்றி, ஈ நான்கு சிறகுடையதாகிறது. இத்தகைய மரபணுக்களைப் பற்றிய ஆய்விற்காக எட்வர்ட் லூயிசு 1995-ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எனவே இருசிறகி என்பது இரண்டு சிறகே பெற்ற உயிர் என்று பொருள்படுவதைவிட, நான்கில் இரண்டை வேறு தொழிலுக்கு மாற்றிக்கொண்ட உயிர் என்று பொருள்படுவதே பொருத்தமாகும்.

எண்ணிக்கை மட்டுமே வரையறை ஆகாது என்பதற்கு வேறு சான்றுகளும் உள. செதிற்பூச்சிகளுள் ஆண்பூச்சிக்கு ஓரிணைச் சிறகே உண்டு. எனினும் அது இவ்வரிசையைச் சாராது. வௌவாலின் உடலில் ஒட்டி வாழும் சில ஈக்களுக்குச் சிறகே இல்லை. எனினும் அவை இருசிறகிகளே. பெயர் காரணப்பெயராகத் தோன்றி, நாளடைவில் காரண இடுகுறியாக நிற்றலை இங்குக் காண்கிறோம். காரணம் பொருந்தாத இடத்தும் பெயர் பொருந்துகிறது.

தமிழ்ப் பெயர்மரபில் ஈயும் கொசுவும்

தமிழ் மரபு உயிர்களை வகைப்படுத்தியது சிறகின் வழியன்று, அறிவின் வழியாகும். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்குகிறது. எறும்பும் கறையானும் மூவறிவுடையன. நண்டும் தும்பியும் நான்கறிவுடையன. ஊற்றுணர்வு, சுவை, நாற்றம் என்பவற்றோடு காட்சியும் சேர்வதால் தும்பி எறும்பினும் உயர்ந்த நிலை பெறுகிறது. நீர்வாழ் நண்டையும் பறக்கும் தும்பியையும் ஒரே வகுப்பில் வைக்கும் இம்முறை, உடலமைப்பை விடுத்துப் புலன்களின் ஆற்றலை அளவுகோலாகக் கொள்கிறது.

பெயரிடுதலில் தமிழ் மரபு உயிரின் ஒழுக்கத்தையும் இடத்தையும் பயனையும் பெரிதும் நோக்கியது. வண்டு, சுரும்பு, ஞிமிறு, தும்பி எனத் தேன் நாடும் பூச்சிகளுக்குச் சங்க இலக்கியத்தில் பல சொற்கள் பயில்கின்றன. ஈ என்னும் சொல் வீட்டில் மொய்க்கும் பூச்சியையும் தேன் தொகுப்பதையும் ஒருங்கே சுட்டியது. தும்பி என்ற சொல் அன்று மலர் நாடும் வண்டினத்தைக் குறித்தது; இன்று பேச்சிலும் பாடநூலிலும் தட்டானைக் குறிக்கிறது. உயிரினம் மாறவில்லை, சொல் இடம்பெயர்ந்துள்ளது. கடித்துக் குருதி உண்பனவற்றுள் கொசு, நுளம்பு, உலங்கு ஆகிய சொற்கள் உள்ளன. தமிழகத்தில் கொசு பொதுவழக்காக, ஈழத் தமிழில் நுளம்பு பொதுவழக்காக நின்றது. வீட்டு ஈயை இலையான் என வழங்குவதும் ஈழத்து வழக்கே. ஒரே மொழியினர் ஒரே பூச்சிக்கு இரு வேறு பொதுப்பெயர் வழங்கும் நிலையில், இரு நாட்டுத் தமிழர்க்கும் பொதுவான அறிவியற்பெயர் தேவைப்படுவது வெளிப்படை.

எனினும் பழந்தமிழர் சிறகை நோக்கவில்லை என்று கூறுதல் பிழையாகும். குறுந்தொகையின் இரண்டாம் பாடலில் தலைவன் விளிக்கும் தும்பிக்கு 'அஞ்சிறை' என்னும் அடை அமைந்துள்ளது. இதனை அழகிய சிறகு எனக் கொள்வதோடு, அகம், சிறை எனப் பிரித்து உட்சிறகு எனக் கொள்ளும் உரைமரபும் உண்டு. வண்டினத்திற்கு வெளிச்சிறகின் கீழ் மற்றோர் இணைச் சிறகு மறைந்திருப்பதைக் கண்டோர்க்கே இப்பொருள் தோன்றும். இருசிறகிகளில் ஹால்டியராகச் சுருங்கியது இந்தப் பின்னிணைச் சிறகே. புலவர் இவ்வேறுபாட்டை அறிந்து பாடினார் என்று கூறுவதற்கில்லை. ஆனால் அதனைச் சொல்வதற்கு வேண்டிய சொல் நம்மிடம் இருந்தது என்று கூறலாம்.

இந்தியாவில் இருசிறகி ஆய்வு

பெயரறியாமை ஆய்வைத் தடுக்கும் என்பதற்கு இரொனால்டு இராசின் வரலாறு சான்றாகும். மலேரியா ஒட்டுண்ணியைக் கொசுவின் வயிற்றில் அவர் 1897 ஆகசுடு 20-ஆம் நாள் செகந்தராபாத்தில் கண்டார். அதற்கு முன் ஈராண்டுக் காலம் அவர் ஆராய்ந்தவை பெரும்பாலும் மலேரியாவைக் கடத்தாத கொசு வகைகள். கொசுக்களின் அறிவியற்பெயர்கள் அவருக்குத் தெரியாதிருந்தன. ஆதலின் சாம்பல் நிறக் கொசு, வரிக்கொசு, புள்ளிச் சிறகுக் கொசு எனத் தாமே பெயரிட்டுக்கொண்டார். புள்ளிச் சிறகுடையதே அனாபிலசு. 1902-இல் அவருக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்த கண்டுபிடிப்பின் திறவுகோல், சிறகின் புள்ளியைக் கொண்டு ஒன்றை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்தியதில் அமைந்தது.

அதே காலத்தில் புனே வேறொரு பூச்சியால் துன்புற்றது. 1896-இல் பம்பாயில் தோன்றிய கொள்ளைநோய் புனேயிலும் பரவியது. அந்நோய் ஒடுக்கும் பெயரால் நிகழ்ந்த கெடுபிடிகளின் விளைவாக, கொள்ளைநோய் அதிகாரி ராண்ட் 1897 சூன் 22-ஆம் நாள் சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார். நோயைக் கடத்தியது எலியின் தெள்ளுப்பூச்சி என்பதை பால்-லூயி சைமண்டு 1898-இல் காட்டினார். தெள்ளு இருசிறகியன்று, இலின்னேயசு அதனைச் சிறகற்றவற்றுள் வைத்தார். கடத்தும் உயிர் எதுவென அறியப்படாத காலத்தில், மக்களின் வீடுகளும் உடைமைகளுமே பகையாகக் கருதப்பட்டுத் தாக்கப்பட்டன என்பது நினைவுகூரத்தக்கது.

இந்திய இருசிறகிகளை முறையாக விளக்கும் பணியில் முன்னின்றவர் என்ரிக்கோ புருனெட்டி. தொழிலால் இசைக்கலைஞரான இவர் கல்கத்தாவில் தங்கி, இந்திய அருங்காட்சியகச் சேகரங்களை ஆராய்ந்தார். பிரித்தானிய இந்திய விலங்கின வரிசையில் இவர் எழுதிய இருசிறகி நூல்கள் 1912, 1920, 1923 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. கொசுக்களுக்கு மட்டும் தனி நூல்கள் தேவைப்பட்டன. அனாபிலசு வகைகளைக் கிறிசுடோபர்சு 1933-இலும், கியூலெக்சு சார்ந்த வகைகளைப் பாராடு 1934-இலும் விளக்கினர். வேதனை தரும் பூச்சிக்கு விரிவான நூல் கிடைத்தது. ஏனைய ஈக்கள் பலவும் நெடுநாள் ஒதுங்கி நின்றன.

புனேயில் பூச்சியும் நச்சுயிரியும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அமெரிக்காவின் இராக்பெல்லர் அறக்கட்டளையும் இணைந்து 1952-இல் புனேயில் வைரஸ் ஆய்வு மையத்தை நிறுவின. கணுக்காலிகளால் பரவும் நச்சுயிரிகளை ஆராய்தல் இதன் தொடக்க நோக்கம். 1978-இல் இது தேசிய நச்சுயிரியல் நிறுவனம் எனப் பெயர் பெற்றது. கொசுவியல் அறிஞர் டி. இராமச்சந்திர ராவ் இம்மையத்தின் இயக்குநராகப் பணியாற்றினார். இந்திய அனாபிலசு வகைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1981-இல் வெளிவந்தது. நச்சுயிரியை ஆராயும் நிறுவனத்திற்குப் பூச்சியியலார் தலைமை தாங்கியமை, நோயையும் கடத்தியையும் பிரித்தறிய இயலாது என்ற தெளிவைக் காட்டுகிறது.

இம்மையத்தின் முதற்பணிகளுள் ஒன்று, இந்தியாவின் பல பகுதி மக்களிடம் பெற்ற குருதிநீரைச் சோதித்து எந்தெந்த நச்சுயிரிகளுக்கு எதிர்ப்பொருள் உள்ளது என அறிவதாகும். 1954-இல் வெளியான அதன் முடிவுகளில், உகாண்டா நாட்டில் 1947-இல் கண்டறியப்பட்ட ஜிகா நச்சுயிரிக்கான எதிர்ப்பொருளும் இந்தியர் சிலரிடம் காணப்பட்டதாகக் கூறப்பட்டது. பல்லாண்டுகளுக்குப் பின், 2021 சூலையில் புனே மாவட்டம் புரந்தர் வட்டத்துப் பேல்சர் ஊரில் மகாராட்டிரத்தின் முதல் ஜிகா நோயாளி கண்டறியப்பட்டார். 2024-இல் புனே நகரிலேயே அந்நோய் பரவியது. ஆய்வகம் அமைந்த நகருக்கே ஆய்வுப்பொருள் வந்து சேர்ந்தது.

தமிழகத்தோடும் இம்மையத்திற்கு நெருங்கிய தொடர்பு உண்டு. 1955-இல் அன்றைய வடஆர்க்காடு மாவட்டம் வேலூரில் மூளையழற்சியுற்றோரின் நோய், ஜப்பானிய மூளையழற்சி என இந்தியாவில் முதன்முதலாக அறியப்பட்டது. அதனை உறுதிப்படுத்திய குருதிச் சோதனைகளில் புனே மையத்தாரின் பங்கு உண்டு. நெல்வயல் நீரில் பெருகும் கியூலெக்சு வகைக் கொசுக்கள் இதனைக் கடத்துகின்றன. டெங்கு, சிக்குன்குன்யா ஆகியவற்றைக் கடத்தும் ஏடிசு கொசுவோ வீட்டுத் தொட்டியிலும் எறிந்த சிரட்டையிலும் தேங்கும் நீரில் பெருகும். சிக்குன்குன்யா 1973-இல் சோலாப்பூர் மாவட்டத்துப் பார்சியில் பரவியபின் ஏறத்தாழ முப்பதாண்டுகள் அடங்கியிருந்து, 2005-இன் இறுதியில் மீண்டும் எழுந்தது. 2006-இல் நாடெங்கும் பதின்மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அந்நோய் ஐயத்திற்குரியவராகப் பதிவாயினர். கொசு என்ற ஒரு சொல்லின்கீழ் நெல்வயலும் தண்ணீர்த்தொட்டியும் அடங்கிவிடுகின்றன. எனினும் தீர்வு இரண்டிற்கும் ஒன்றன்று.

சண்டிபுரா: பெயர் தரும் பாடம்

1965-இல் நாக்பூரில் சிக்குன்குன்யா, டெங்குக் காய்ச்சல்கள் பரவியபோது, நோயாளிகள் இருவரின் குருதியிலிருந்து புனே ஆய்வாளர்கள் புதியதொரு நச்சுயிரியைப் பிரித்தெடுத்தனர். நாக்பூரின் ஒரு பகுதியின் பெயரால் அது சண்டிபுரா எனப்பட்டது. வெறிநாய்க்கடி நோயின் நச்சுயிரி சார்ந்த குடும்பமே இதன் குடும்பமும் ஆகும். 1967-இல் இதுகுறித்த கட்டுரை வெளிவந்தது. பின்னர் மகாராட்டிரத்தில் பிடிக்கப்பட்ட பிளெபாட்டமசு வகைப் பூச்சிகளிலும் அது காணப்பட்டது. நெடுங்காலம் இது பெரிதாகக் கருதப்படவில்லை.

2003-ஆம் ஆண்டுக் கோடையின் இறுதியில் ஒன்றுபட்ட ஆந்திர மாநிலத்தில் மூளையழற்சியால் 329 குழந்தைகள் தாக்குண்டனர்; 183 பேர் இறந்தனர். நோய் தோன்றிய ஓரிரு நாள்களிலேயே இறப்பு நிகழ்ந்தது. காரணம் சண்டிபுரா நச்சுயிரி எனப் புனே நிறுவனம் கண்டறிந்தது. 2024-இல் குஜராத்தை மையமாகக் கொண்டு மீண்டும் மூளையழற்சி பரவியபோது, சூன் தொடக்கம் முதல் ஆகசுடு 15 வரை 245 பேர் தாக்குண்டனர். 82 பேர் இறந்தனர். அவர்களுள் 64 பேரிடம் சண்டிபுரா நச்சுயிரி உறுதிசெய்யப்பட்டது.

இந்நச்சுயிரியின் முதன்மைக் கடத்தியாகக் கருதப்படும் பூச்சியைத் தமிழ் நாளிதழ்கள் 'மணல் ஈ' என எழுதுகின்றன. இது ஆங்கிலப் பெயரின் நேர்மொழிபெயர்ப்பு. இப்பூச்சி இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அளவினது. உடலும் சிறகும் மயிர் செறிந்தவை. அமரும்போது சிறகுகளை மேல்நோக்கி விரித்து வைப்பது. பறத்தலினும் தத்துதலே மிகுதி. மண்சுவரின் வெடிப்பு, மாட்டுத்தொழுவம், சாணமும் இலைமக்கும் கலந்த ஈரமண் ஆகியவை இதன் வாழிடங்கள். பெயரைக் கேட்போர் ஆற்றுமணலையும் கடற்கரையையும் நினைப்பர். தம் வீட்டுச் சுவரை நினையார்.

மறுபுறம், சிறிதாய்ப் பறந்து கடிப்பதனால் இதனைக் கொசு என்றே கூறிவிடும் வழக்கமும் உண்டு. கொசு என்று கேட்ட தாய், தேங்கிய நீரைக் கொட்டுவார். வீட்டில் உள்ள கொசுவலையைக் கட்டுவார். இரண்டும் நற்செயல்களே. ஆனால் மணல் ஈயின் புழு நீரில் வளர்வதன்று. சாதாரணக் கொசுவலையின் கண்களுக்குள் இப்பூச்சி நுழைந்துவிடக்கூடும். செய்யவேண்டியது சுவரின் வெடிப்பைப் பூசுதல், தொழுவத்தை உலர வைத்தல், சுவரில் பூச்சிக்கொல்லி தெளித்தல் ஆகியவை. ஒரு சொல் பிழைபட்டால் ஒரு தாயின் உழைப்பு முழுதும் பயனின்றிப் போகலாம். கலைச்சொல் அறிஞர் அவையின் பொருள் மட்டும் அன்று என்பதை இதனினும் தெளிவாக உணர்த்தும் சான்று அரிது.

மராத்தியும் தமிழும்: சொல்லாக்க ஒப்பீடு

புனேயின் மொழியாகிய மராத்தியும் தமிழ் எதிர்கொள்ளும் சிக்கலையே எதிர்கொள்கிறது. அம்மொழியில் ஈ 'மாசி', தேனீ 'மத்மாசி'. தேனோடு ஈயை இணைத்த ஆக்கம் தமிழ்த் தேனீயை ஒத்தது. மாசி என்பது வடமொழி மட்சிகாவின் வழிவந்தது. கொசுவைக் குறிக்கும் 'டாசு' என்பது கடித்தலைக் குறிக்கும் தம்சத்தின் வழிவந்தது. உறவற்ற இரு மொழிக்குடும்பங்களும் தேனீயை ஈயென்றே கண்டன. வரிசைப்பெயராக மராத்தி, சிறகைக் குறிக்கும் சொல்லோடு எண்ணுப்பெயர் சேர்த்துத் 'துவிபங்க்கி' எனவும், ஒலிபெயர்த்து டிப்டெரா எனவும் வழங்குகிறது.

தமிழில் அறிவியற் கலைச்சொல்லாக்க முயற்சி நீண்ட வரலாறுடையது. 1916-இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் தொடங்கிய தமிழ் அறிவியற்சொற் சங்கமும், 1954 முதல் 1968 வரை பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியமும், 1981-இல் தோன்றிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் களஞ்சியமும் இம்முயற்சியின் படிநிலைகள். சொற்கள் பெருகின, ஆனால் ஒன்றற்குப் பல சொல் நிற்கும் நிலை நீங்கவில்லை. எனவே வழங்கும் வடிவங்களை எடைபோடுதல் தேவையாகிறது.

இறகு, இறக்கை, சிறகு என்னும் மூன்றனுள் இறகு தூவியையும் குறிப்பதால் பூச்சிக்கு ஏலாது. பூச்சிக்குத் தூவி இல்லை. இறக்கை பொருந்துமாயினும், உயிர்முதலாதலின் எண்ணுப்பெயர் 'ஈர்' எனத் திரிந்து 'ஈரிறக்கை' எனச் சொல் நீள்கிறது. ஈரம் என்ற மயக்கத்திற்கும் இடந்தருகிறது. சிறகு மெய்முதலாதலின் 'இரு' திரிபின்றி நிற்கிறது. ஈற்றில் இகரம் பெற்று இருசிறகி என அமைவது, பாலூட்டி என்பதுபோல் இனப்பெயராக இயல்பாகப் பயில்கிறது. உறைச்சிறகி, செதிற்சிறகி, சவ்வுச்சிறகி எனப் பிற வரிசைகளையும் இதே வாய்பாட்டில் அமைக்கலாம். இரட்டைச் சிறகி என்பது இரண்டு இணை என்றும் பொருள்படுமாதலின் விலக்கத்தக்கது.

ஆங்கிலப் பூச்சியியலார் ஒரு மரபைப் பேணுகின்றனர். உண்மையான ஈயாயின் அடைமொழியைப் பிரித்து எழுதுவர். பெயரளவில் ஈயாயின் சேர்த்து எழுதுவர். தமிழில் இம்மரபு எவரும் வகுக்காமலே பெரிதும் அமைந்துள்ளது. தேனீ ஒரு சொல்லாகச் சேர்ந்து நிற்கிறது. வீட்டு ஈ, பழ ஈ, மாட்டு ஈ, மணல் ஈ என்பன பிரிந்து நிற்கின்றன. புணர்ச்சி விதியால் வீட்டீ என்றோ மணலீ என்றோ எழுதாது விடும் இவ்வழக்கை, இனி அறிந்தே பின்பற்றலாம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. டிப்டெரா என்னும் சொல் அரிசுடாட்டில் வழக்கில் தொடங்கி, 1758-இல் வரிசைப்பெயராக நிலைபெற்று, எளிதில் சரிபார்க்கத்தக்க பண்பைச் சுட்டியமையால் போட்டிச் சொல்லை வென்றது. அது முழு வரையறையன்று. மறைந்த பின்சிறகின் கதையை அது கூறுவதில்லை. தமிழ் மரபு ஒழுக்கமும் இடமும் நோக்கிப் பெயரிட்டது. அறிவியல் உறுப்பு நோக்கிப் பெயரிட்டது. இவ்விரண்டும் முரணுவன அல்ல. வரிசைக்கு இருசிறகி என்ற பெயரும், அதன்கீழ் ஒவ்வொன்றற்கும் அது வாழும் இடம் தோன்றும் வழக்குப்பெயரும் வேண்டும்.

இவ்வடிப்படையில் மணல் ஈ என்பதற்கு மாற்றாகச் 'சுவர் ஈ' என்ற பெயரை இக்கட்டுரை முன்வைக்கிறது. சுவரின் வெடிப்பு என்ற வாழிடத்தை அது நேரே காட்டும்; ஈ எனப் பிரிந்து நிற்பதால் இருசிறகி என்பதும் புலனாகும். வேறு வட்டாரங்களில் இதற்கு இயல்பான வழக்குச்சொல் உள்ளதெனில், ஆக்கச்சொல்லினும் அதுவே சிறந்தது. உழவரிடமும் கால்நடை வளர்ப்போரிடமும் அத்தகைய சொற்களைத் தொகுக்கும் களப்பணியைத் தமிழ்த்துறைகள் மேற்கொள்ள வேண்டும். புனேயில் சொற்சீட்டும் பூச்சிச்சீட்டும் தனித்தனிக் கட்டடங்களில் உள்ளன. தமிழில் அவ்விரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பது நம் கடமையாகும்.